கறை இல்லாத மருமகள்

பத்தொன்பது நாட்களாக ரொதாந்தி ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். இன்று அதோடு மாமியாரின் பையையும் சுமந்துகொண்டு, ரஃபீனா துறைமுகத்தில் தீனோஸ் தீவுக்குப் போகும் கப்பலுக்காக நின்றிருந்தாள். காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. மாமியார் எவ்தோக்கியா கறுப்புப் பாவாடை, வெள்ளைக் கான்வாஸ் செருப்பு, தலையில் முடிச்சிட்ட துணி என்று, திராட்சை பறிக்கக் கிளம்பியவள் போல நின்றாள். எழுபத்தொரு வயது. இரண்டு முட்டிகளிலும் தேய்மானம். அந்த முட்டிகளால்தான் இன்று துறைமுகத்திலிருந்து மாதா கோயில் வரை தெரு முழுக்க ஊர்ந்து ஏறப் போகிறாள்.

பையில் ஒரு ஜோடி முட்டிக்கவசம் இருந்தது. ரொதாந்தியின் கணவன் லெஃப்தேரிஸ் வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவன்; அவனுடைய தொழில் கவசம். சிமெண்டுப் பால் காய்ந்து வெளுத்திருந்தது. விடியற்காலையில் வாசலில் வைத்து அதை அம்மாவின் கையில் திணித்தான்.

"இதைக் கட்டிக்கோம்மா."

"வேண்டுதலுக்கு மெத்தை கட்டிட்டா போவாங்க?"

"மாதா ஒண்ணும் உன் முட்டியைத் தூக்கிப் பாக்க மாட்டா. கட்டிக்கிறதா இருந்தா போ. இல்லன்னா கார் சாவியைத் தர மாட்டேன்."

"பாத்தியா ரொதா, வேண்டுதலுக்கே என்னை மிரட்டறான்." எவ்தோக்கியா கவசத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாடி ஜன்னலில் பையன் நின்றிருந்தான். ஆறு வயது அனேஸ்திஸ். கை அசைக்கவில்லை. அவன் அசைப்பதில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு, "சாவி" என்றான். அவனுக்கு எவ்தோக்கியாவின் பெயர் அதுதான். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்து கிலுங்கிக்கொண்டிருக்கும். ஊரில் எல்லாரிடமும் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்: மத்தவங்க வீட்டுல பேரப்பிள்ளைங்க பாட்டின்னு கூப்பிடும், எங்க வீட்டுல எனக்கு உத்தியோகப் பேரு.

அந்த வாக்கியம் ரொதாந்தியிடம் வந்தது பள்ளிக்கூடத்தின் கடைசி வெள்ளிக்கிழமையன்று. ஹல்கீதா ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அவள் உயிரியல் ஆசிரியை. விடுமுறைக்கு முன் ஆய்வகத்துக் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஏதென்ஸிலிருந்து மரபியல் மருத்துவர் வர்வாரா. பிப்ரவரியில் ரொதாந்தியிடமும் லெஃப்தேரிஸிடமும் பையனிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

"ரெண்டாவது குரோமோசோம்ல சின்னதா ஒரு பகுதி விட்டுப்போயிருக்கு" என்றார் மருத்துவர். "நரம்பு செல்லுங்க ஒண்ணையொண்ணு தொடுற இடத்துல கை கோத்துக்க உதவுற ஒரு ஜீன். அதுல ஒரு துண்டு இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட அந்த இடம் முழுசா இருக்கு. பையன்கிட்ட எங்க விட்டுப்போயிருக்கோ, உங்ககிட்டயும் அங்கேயே விட்டுப்போயிருக்கு. அதே அளவு."

ரொதாந்தி குழாயை மூடவில்லை. தண்ணீர் தகடுகள் மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

"இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. நூத்துக்கணக்கான ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துதான் ஆட்டிசம் வருது. இதே துண்டு இல்லாத நிறையப் பேர் அது தெரியாமலே வாழ்ந்துட்டுப் போறாங்க. பொண்ணுங்ககிட்ட பெரும்பாலும் வெளிய தெரியறதே இல்ல. நீங்க பயாலஜி சொல்லித் தர்றவங்க, உங்களுக்கு நான் விளக்கணுமா?" பிறகு மருத்துவர் கேட்டார்: "சின்ன வயசுல உங்களுக்குப் பேச்சு எப்ப வந்துச்சு, தெரியுமா?"

"எல்லாரையும் போலத்தான்" என்றாள் ரொதாந்தி. அவ்வளவு வேகமாக அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"சரி. ரெண்டு பேரும் ஒரு நாள் வாங்க. உக்காந்து பேசலாம்."

"நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

மாலையில் லெஃப்தேரிஸ் வேலை முடிந்து வந்து, கொல்லைக் குழாயடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் சிமெண்டு. அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதோ சின்னதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், இரண்டாவது குரோமோசோமில் என்றாள். அடுத்த சொல்லை எடுப்பதற்குள் அவன் தலையாட்டிவிட்டான்.

"எங்க பக்கம்தானே?"

அவள் குனிந்து குழாயை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இன்னும் ஒரு திருகு திருகினாள்.

"தெரியும். மினாஸ் மாமா" என்றான் அவன். வீட்டில் பெயர் மட்டும் எப்போதாவது அடிபடுகிற, அம்மாவின் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. ஈரக் கையை அவள் தோளில் வைத்து, "நீ என்ன பண்ணுவே பாவம்" என்றான். பிறகு கீழ்வீட்டுக்கு, அம்மாவிடம் சொல்லப் போனான். அவன் கதவைத் திறப்பதற்குள் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவள் அங்கேயே, ஈரம் பட்ட தோளோடு நின்றாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை எவ்தோக்கியா மாடியேறி வந்தாள். கையில் அரிசி அடைத்துச் சுட்ட தக்காளித் தட்டு. அதை மேஜையில் வைத்துவிட்டு ரொதாந்தியின் வலது கையைப் பிடித்து, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, குனிந்து முத்தமிட்டாள். பாதிரியார் கைக்குக் கொடுக்கிற முத்தம்.

"மன்னிச்சுடு பொண்ணே. நீ சுத்தமா வந்தே. கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாத்தோம்ல, உனக்குக் கறை கிடையாதுன்னு என் கண்ணாலயே பாத்தேன். எங்க வீட்டுச் சாக்கடையைக் கொண்டுவந்து உன் வயித்துல ஊத்திட்டோம்."

அந்த ஊரில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்கள். கடலோரத்து ஜனங்களிடம் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு ரத்தசோகைக்கான சோதனை அது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆண், பெண் இருவருக்கும் இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆபத்து. அதைத் தாங்கி நடக்கிறவர்களை மருத்துவர்களே 'ஸ்டிக்மா உள்ளவர்' என்றுதான் சொல்வார்கள். சொல்லுக்கு அர்த்தம் கறை. யாரும் அதை வசவாக நினைப்பதில்லை. ரத்தவகை கேட்பது போல, உனக்குக் கறை உண்டா என்று மீன்கடையில் நின்றுகூடக் கேட்டுக்கொள்வார்கள். ரொதாந்தியே வருடாவருடம் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, கறை உள்ள அப்பா, கறை உள்ள அம்மா என்று எழுதி, பையன்களின் சிரிப்பு அடங்கும்வரை சாக்பீஸோடு காத்திருப்பாள். அவளுக்கும் லெஃப்தேரிஸுக்கும் கறை இல்லை என்று வந்தபோது எவ்தோக்கியா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள். அந்த ஒரு சோதனையில் மருமகள் எல்லாவற்றிலிருந்தும் தேறிவிட்டாள் என்று அவள் நினைத்தாள். இன்றைக்கும் அப்படியேதான் நினைக்கிறாள்.

இல்லை அத்தை, அது ஒரே ஒரு ஜீனுக்கான சோதனை என்று ரொதாந்தி சொல்லியிருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அவளால் விளக்க முடியும். ஆனால் முத்தம் பட்ட கையைப் பாவாடையில் துடைக்கவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றாள். "பரவால்ல அத்தை" என்றாள்.

பரவாயில்லை. நாளெல்லாம் அந்தச் சொல் அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மன்னிக்க அவளிடம் என்ன இருந்தது?

அந்தப் பத்தொன்பது நாட்களில் அவள் தனக்குத் தானே நிறைய விளக்கம் சொல்லிக்கொண்டாள். எல்லாம் சரியான விளக்கங்கள். அந்தத் துண்டு மட்டும் காரணமில்லை என்று மருத்துவரே சொன்னார். லெஃப்தேரிஸின் பக்கத்திலிருந்தும் பெயர் தெரியாத நூறு சின்னச் சின்ன வித்தியாசங்கள் வந்திருக்கலாம். மினாஸ் மாமாவின் ரத்தத்தை யாரும் பார்த்ததில்லை. யார் பக்கம் என்ற கேள்வியே தவறு. மாணவன் யாராவது இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள். ஆனால் அது உண்மை என்பதற்காக அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒளிந்துகொள்ள வசதியாக இருந்ததால் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது, அது அவளுடையது, அதைச் சொல்லாமல், தெரியாத நூறுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அதைத் தொட அவளுக்குக் கூசியது. பையனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து, இந்த வீட்டில் அவளுக்கு ஒரு தனி இடம் கிடைத்திருந்தது. வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவள். பாவம், படித்த பெண். நாத்தனார்களும் அத்தைமார்களும் பேசுகிற மேஜையில் ஒரு வாக்கியமும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவளை, அதற்கப்புறம் யாரும் ஊமைக்கோட்டான் என்று கேலி செய்யவில்லை. முதல் துண்டு கேக் அவளுக்கு வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பையனை நினைத்து ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். பூங்காவில் யாராவது திரும்பிப் பார்த்தால் நிமிர்ந்து நிற்பாள். பேருந்தில் அவன் முன்சீட்டுக்காரரின் காதுமடலைப் பிடித்தால் மன்னிப்புக் கேட்காமல் விளக்குவாள்: அவனுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அப்படிப்பட்டவள், இது உன்னிடமிருந்து வந்தது என்று கேட்ட கணத்தில் ஈரக்கையோடு ஆய்வகக் கதவைச் சாத்தினாள். அப்படியானால் இத்தனை வருடமும் அவள் நிமிர்ந்து நின்றது அவன் லெஃப்தேரிஸ் வீட்டுப் பிள்ளை என்பதாலா?

ஒரு நாள் ரொட்டிக்கடைக்குப் போகும்போது அனேஸ்திஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தான். குனிந்து கேட்டாள். "ரெண்டு ரொட்டி, ஒண்ணு நறுக்கி. ரெண்டு ரொட்டி, ஒண்ணு நறுக்கி." கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். அந்தப் படிக்கட்டில் வருடக்கணக்காக அவள் செய்கிற காரியம் அது. வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரமே எவ்தோக்கியா வேண்டுதலை அறிவித்துவிட்டாள். தீனோஸ் மாதாவுக்கு, முட்டி போட்டு. லெஃப்தேரிஸ் கத்திப் பார்த்தான். மருத்துவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். "ரொதா கூட வருவா. எனக்கு அது போதும்" என்று முடித்துவிட்டாள் அவள்.

கப்பல் கிளம்பியதும் எவ்தோக்கியா மேல்தளத்தில் நிழலுள்ள பெஞ்சைப் பிடிக்க ஒரு தடித்த பெண்ணோடு சண்டை போட்டாள். "அக்கா, நீ உக்காந்தா பெஞ்சே உக்காந்துடும், கொஞ்சம் நகரு" என்றாள். அந்தப் பெண் முறைத்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டு நகர்ந்தாள். பத்து நிமிடத்தில் இருவரும் இறைச்சி உருண்டைகளைப் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மகளின் வேலைக்காக வேண்டுதல். உங்களுக்கு? என்று கேட்டாள். "பழைய விவகாரம்" என்றாள் எவ்தோக்கியா. அந்தப் பெண் காபி வாங்க எழுந்து போனதும், கடலைப் பார்த்தபடியே மருமகளிடம் பேச ஆரம்பித்தாள்.

"என் தம்பி மினாஸ் கம்பளம் துவைப்பான். தெரியுமா உனக்கு? கிராமத்துக் கம்பளம் பூரா அவன்தான். ஆத்துல இடுப்பளவு தண்ணில நின்னு துவைப்பான். பேச மாட்டான். கோயில்ல மட்டும் பாதிரியார் பாடி முடிச்சப்புறம் அதே வரியை ஒருதரம் பாடுவான். எல்லாரும் சிரிப்பாங்க. குரல் நல்லா இருக்கும்."

ரொதாந்தி இதுவரை மினாஸைப் பற்றிக் கேட்டதெல்லாம் அவன் பெயர் மட்டும்தான்.

"என் கல்யாணத்தன்னிக்கு அவனைப் புகையிலைக் கிடங்குல போட்டுப் பூட்டினாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு. கிளாரினெட் சத்தம் அவனுக்கு ஆகாது. கதவை அடிச்சான். அடி, அடின்னு அடிச்சான். எங்கப்பா வாசிக்கிறவங்ககிட்ட போய் இன்னும் சத்தமா வாசிங்கன்னாரு. நான் ஆடிக்கிட்டிருந்தேன், ரொதா. கேட்டுக்கிட்டே ஆடினேன்."

அவள் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அடுத்த வருஷம் ஏதோ விடுதில கொண்டுபோய் விட்டுட்டாங்க. நான் அப்ப லெஃப்தேரிஸை வயித்துல வச்சிருந்தேன். போய்ப் பாக்காதே, பாத்தா பிள்ளைக்கு ஒட்டிக்கும்னாங்க. பாக்கல. ஒரு தடவைகூடப் பாக்கல. அங்கயே செத்துட்டான். பாக்காம இருந்தும் பாரு, வந்துடுச்சு. நம்ம வீட்டுக்கே, மாடிலயே வந்து உக்காந்துக்கிட்டு என்னைச் சாவின்னு கூப்பிடுது. கிடங்குச் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு நினைக்கறே?"

பையன் வைத்த அந்தப் பெயரை எவ்தோக்கியா பெருமையாகச் சொல்லித்தான் ரொதாந்தி கேட்டிருக்கிறாள். இந்தப் பத்தொன்பது நாட்களில் அதே பெயர் கீழ்வீட்டில் இப்படி மாறியிருக்கிறது. இப்போது சொல்ல வேண்டும். வாக்கியத்தை எடுத்தாள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொருமுறை. தடித்த பெண் மூன்று காபியோடு திரும்பி வந்து, "குடிங்க, குடிங்க, ஏறும்போது தெம்பு வேணும்" என்றாள்.

தீனோஸில் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. தெரு துறைமுகத்திலிருந்து நேராக மேடேறி, கோயிலின் வெள்ளைப் படிகளில் போய் முடிகிறது. ஓரத்தில், ஊர்கிறவர்களுக்காகப் பழுப்புக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். பல முட்டிகள் பட்டு நடுவில் நார் தெரிந்தது. திருவிழா நாளில்லை, ஏழெட்டுப் பேர்தான் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிய ஒரு இளம்பெண். பின்னால் ஆளுயர மெழுகுவர்த்தி ஒன்றைத் தோளில் சாய்த்தபடி நடந்து வரும் ஒரு மனிதர். இருபுறமும் கடைகளில் வெள்ளித் தகட்டுக் கண்களும் கால்களும் குழந்தைகளும் தொங்கின. கண் வேண்டியவர்களுக்குக் கண், கால் வேண்டியவர்களுக்குக் கால். கடைக்காரப் பெண் ஒரு வெள்ளிக் குழந்தையை எடுத்து நீட்டினாள். "பேரனுக்கா?" எவ்தோக்கியா தலையசைத்து மறுத்தாள்.

"அவனைச் சரியாக்குன்னு நான் கேக்க வரல" என்றாள் ரொதாந்தியிடம், கவசங்களைக் கட்டிக்கொண்டே. "அவனுக்கு என்ன குறைச்சல்? என்னோடத என்னோட முடிச்சுக்கோ, பிள்ளை மேல வச்சுத் தீக்காதேன்னு கேக்க வந்தேன்."

குனிந்தாள். முதலில் இரண்டு கைகள், பிறகு முட்டிகள். தெருவில் ஒரு மேஜை போல ஆனாள்.

முதல் பகுதியை வேடிக்கை பேசியே கடந்தாள். "டாக்ஸி வருமான்னு கேளு." "பாதில திரும்பினா மாதா பாதி மன்னிப்பாளா?" ரொதாந்தி பக்கத்தில் நடந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் குடை. காற்றில் குடை நிற்கவில்லை, மடக்கிவிட்டாள். தபால் நிலையத்தைத் தாண்டியதும் மேடு கூடியது. எவ்தோக்கியாவின் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு முட்டியையும் தூக்கி வைப்பதற்கு முன் கொஞ்சம் நின்றாள். சிமெண்டு படிந்த கவசம் தரையில் உரசி, சுவரைச் சுரண்டுகிற மாதிரி சத்தம் போட்டது.

திடீரென்று நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கவசங்களின் பட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்ன அத்தை?"

"இதைக் கட்டிட்டு ஏறினா ஏறின மாதிரியே இல்ல. அவன் கதவைக் கைமெத்தை வச்சா அடிச்சான்?"

"வேணாம் அத்தை. லெஃப்தேரிஸ் என்னைத் திட்டுவான்."

"திட்டட்டும். நீ ஒரு தப்பும் பண்ணாதவ. உன்னைத் திட்டினா அவன் வாய்தான் அழுகும்."

கவசங்களை ரொதாந்தியின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தாள். நார் தெரிந்த கம்பளம். பாவாடை ஏறி, முட்டித் தோல் வெறுமையாகத் தெரிந்தது. நாலைந்து தடவை தூக்கி வைத்ததும் தோல் வெளுத்தது. அதற்கப்புறம் சிவந்தது. ஒரு இடத்தில் கம்பளத்தில் ஈரப்பொட்டு ஒன்று தங்கியது. அடுத்த முட்டி அதன் மேலேயே பட்டு அதை இழுத்தது.

அதற்கு மேல் ரொதாந்தியால் பார்த்துக்கொண்டு நடக்க முடியவில்லை.

"அத்தை, நில்லுங்க. இது மினாஸ் மாமாவால வந்ததில்ல."

"நீ நல்லவ" என்றாள் எவ்தோக்கியா தலையைத் தூக்காமல். "ஆறுதல் சொல்றே."

"ஆறுதல் இல்ல. டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கு மினாஸைத் தெரியுமா?"

"லெஃப்தேரிஸ் ரத்தத்துல அது இல்ல அத்தை. பாத்துட்டாங்க. இல்ல."

எவ்தோக்கியா நின்றாள். கைகள் ஊன்றியபடியே இருந்தன. வியர்வை மூக்கின் நுனியிலிருந்து கம்பளத்தில் விழுந்தது.

"அப்ப எங்கேருந்து வந்துச்சு? உன்கிட்டயும் கறை இல்ல. நான்தான் பாத்தேனே."

"அது வேற பரிசோதனை. அது ரத்தசோகைக்கு."

"கறைன்னா கறைதானே? ரத்தத்துல இருந்தா தெரிஞ்சிருக்காதா?" பிறகு, குரலைத் தணித்து, பிள்ளையை அதட்டாமல் திருத்துகிற மாதிரி சொன்னாள்: "என் பாரத்தைக் குறைக்கறதுக்காக இப்படியெல்லாம் கதை கட்டாதே பொண்ணே. மாதா தெருவுல நின்னு பொய் சொல்லக் கூடாது. விடு. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

வலது முட்டியைத் தூக்கினாள்.

ரொதாந்தி பாட்டிலையும் குடையையும் கவசங்களையும் நடைபாதையில் வைத்தாள். வைத்ததும் பாட்டில் உருண்டு சரிவில் ஓடியது. யாரோ "அம்மா, பாட்டில், பாட்டில்" என்று கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. எவ்தோக்கியாவுக்கு முன்னால் போய்க் கம்பளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து வழியை அடைத்தாள். இப்போது இரண்டு முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தன. இவ்வளவு பக்கத்தில் அவள் யார் கண்ணையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்வை விலகப் பார்த்தது. பிடித்து வைத்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியம் இருந்த இடத்தில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. காற்றை மீறி, அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.

"எனக்கு நாலரை வயசு வரைக்கும் பேச்சே வரல அத்தை. பொண்ணு பாக்க வந்தப்ப ஏன் இவ பேச மாட்டேங்கறான்னு நீங்க கேட்டீங்க. கூச்சம்னு எங்கம்மா சொன்னாங்க. கூச்சம் இல்ல. அவன்கிட்ட எது இல்லையோ அது என்கிட்டயும் இல்ல. எனக்கு இது பத்தொன்பது நாளாத் தெரியும். மினாஸ் மாமாவுக்கு என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அனேஸ்திஸ் தண்டனை இல்ல. அவன் என்னை மாதிரி."

எவ்தோக்கியா எழுந்திருக்கவும் இல்லை, மேலே நகரவும் இல்லை. குழந்தையைக் கட்டியிருந்த இளம்பெண் அவர்களுக்குப் பின்னால் வந்து, வழி இல்லாமல், கைகளை ஊன்றியபடியே காத்திருந்தாள். அவளுக்கும் பின்னால் அந்த மனிதர் நின்றுவிட்டிருந்தார். தோளில் இருந்த ஆளுயர மெழுகுவர்த்தி வெயிலில் இளகி, நுனி மெல்ல மெல்லத் தெருவை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.